நாலு வரி செட்டிங்ஸ், ஒரே கட்டளை: லேடெக்-எம்கேயை நமக்கேற்ப மாற்றுவது எப்படி?

ஆய்வேட்டை அனுப்ப வேண்டிய நாள். கடைசியாக ஒரு படத்தைச் சேர்த்துவிட்டு பிடிஎஃப்பைத் திறந்தால், ‘படம் 4.2-ஐப் பார்க்க’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘படம் ??-ஐப் பார்க்க’ என்று இருக்கிறது. பொருளடக்கத்தில் புது அத்தியாயத்தையே காணோம். “இன்னும் ரெண்டு தடவை ரன் பண்ணு, சரியாயிடும்” என்கிறார் பக்கத்து சீட் நண்பர். பண்ணினால், நிஜமாகவே சரியாகிவிடுகிறது!

லேடெக் மென்பொருளில் ஆய்வுக் கட்டுரை, தொழில்நுட்ப அறிக்கை, சிவி என்று ஏதாவது ஒன்றைத் தயாரித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஏன் ரெண்டு தடவை? ஏன் சில சமயம் நாலு தடவை? அதை நாம் ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்?

எண்ண வேண்டாம். அதற்காகவே ஒரு சின்ன கருவி இருக்கிறது. பெயர் லேடெக்-எம்கே. ஆவணத்தை அச்சுக்கோப்பது, திரையில் காட்டுவது, பிரிண்டருக்கு அனுப்புவது என மூன்றையும் ஒரே கட்டளையில் செய்துவிடும். ஆனால், அது நம் விருப்பப்படி நடக்க வேண்டும் என்றால் நாலைந்து வரியில் ஒரு செட்டிங்ஸ் ஃபைல் எழுதித் தர வேண்டும். அதில் என்ன எழுதலாம், எங்கே வைக்க வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும்? பார்ப்போம்.

முதலில், லேடெக் என்றால் என்ன?

வேர்டில் நாம் தட்டும்போதே பக்கம் உருவாகிவிடும். லேடெக் அப்படி இல்லை. சாதாரண எழுத்து ஃபைலில் ‘இது தலைப்பு’, ‘இது சமன்பாடு’, ‘இங்கே படம்’ என்று குறிப்புகளோடு எழுதித் தருகிறோம். ஒரு நிரல் அதைப் படித்து, எழுத்துகளை அடுக்கி, பக்கங்களைப் பிரித்து, பிடிஎஃப்பாகத் தருகிறது. பழைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் செய்த வேலையைக் கணினி செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் அடிப்படையான ‘டெக்’ நிரலை எழுதியவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத். 1977-ல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்தார். தரம் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘நானே ஒரு நிரல் எழுதிக்கொள்கிறேன்’ என்று இறங்கிவிட்டார். அதன் மேல், எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியதுதான் லேடெக். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் துறைகளில் ஆய்வுக் கட்டுரை எழுத இன்றும் இதுதான் பொது மொழி.

ஏன் பல தடவை ரன் பண்ண வேண்டும்?

லேடெக் ஆவணத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துக்கொண்டே போகும். 5-வது பக்கத்தில் ‘60-வது பக்கப் படத்தைப் பார்க்க’ என்று நீங்கள் குறிப்பிட்டால், அந்தப் படத்துக்கு என்ன எண், எந்தப் பக்கத்தில் வரும் என்று அந்த நேரத்தில் அதற்குத் தெரியாது. அதனால் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். படம் வந்து சேரும்போது, அதன் எண்ணை ஒரு துணை ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ரன் பண்ணும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரியான எண்ணைப் போடும்.

பொருளடக்கத்திலும் இதே கதைதான். முதல் சுற்றில் அது காலி. இரண்டாவது சுற்றில் வந்து உட்காரும். ஆனால், அது இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இருக்கிற எல்லாப் பக்க எண்களும் தள்ளிப்போகும். அதைச் சரிசெய்ய மூன்றாவது சுற்று.

மேற்கோள் பட்டியல் இருந்தால் இடையில் பிப்டெக் அல்லது பைபர் என்ற இன்னொரு நிரல் ஓட வேண்டும். அதாவது லேடெக், பிப்டெக், மறுபடி லேடெக், மறுபடியும் லேடெக். சொல்லடைவு வேண்டும் என்றால் அதற்கும் தனியாக ஒரு நிரல். எந்த மாற்றத்துக்கு எத்தனை சுற்று தேவை என்பதை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம்.

லேடெக்-எம்கே இதை எப்படிச் சமாளிக்கிறது?

ஒவ்வொரு சுற்று முடிந்ததும், ஆவணம் எந்தெந்த ஃபைல்களைப் படித்தது, எவற்றை எழுதியது என்று அது பார்க்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டுச் சேமித்து வைத்திருக்கும். கைரேகை மாறியிருந்தால் இன்னொரு சுற்று. எதுவும் மாறவில்லை என்றால் வேலை முடிந்தது. நீங்கள் எதையுமே திருத்தாமல் மறுபடி கட்டளை கொடுத்தால், ‘எல்லாம் சரியாகவே இருக்கு’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

சில ஆவணங்களில் இந்தச் சுற்று முடியவே முடியாது. ‘பக்கம் 9’ என்று இருக்கும்போது வரி சற்றுச் சிறியது. அதனால் படம் 10-வது பக்கத்துக்குப் போகிறது. ‘பக்கம் 10’ என்று மாற்றினால் வரி நீண்டு, பத்தி வேறு மாதிரி உடைந்து, படம் 9-க்கே திரும்பி வருகிறது. அரிதுதான், ஆனால் நடக்கும். இதற்காகவே லேடெக்-எம்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் மாற்றாவிட்டால், ஐந்து முறைக்கு மேல் திரும்ப ஓட்டாது.

இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருபவர் ஒரு மென்பொருள் நிறுவனம் அல்ல, ஓர் இயற்பியலாளர். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் காலின்ஸ், துகள் இயற்பியல் கோட்பாட்டுக்காக 2009-ல் சக்குராய் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ‘கோ’ என்ற பெயரில் வேறொருவர் எழுதிய பழைய நிரலிலிருந்து வளர்ந்தது லேடெக்-எம்கே. லேடெக்கைக் கணினியில் நிறுவும் டெக் லைவ் தொகுப்பிலேயே இதுவும் வந்துவிடும். ஓவர்லீஃப் இணையதளத்தில் பச்சை பட்டனை அழுத்துகிறீர்களே, அதன் பின்னால் ஓடுவதும் இதுதான்.

மூணு வேலை, மூணு சுவிட்ச்

டெர்மினலில் லேடெக்-எம்கே என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் தட்டி, ஆவணத்தின் பெயரைக் கொடுத்தால் அச்சுக்கோர்ப்பு நடக்கும். கூடவே ஒரு ஹைஃபனும் ஓரிரு எழுத்துகளும் சேர்த்தால் மற்ற வேலைகள்.

‘பி-வி’ என்றால் முடித்தவுடன் திரையில் திறந்து காட்டும்.

‘பி-வி-சி’ என்றால் திறந்து காட்டிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிடும். நீங்கள் ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் மாற்றத்தைக் கவனித்து, மறுபடி அச்சுக்கோத்து, திரையைப் புதுப்பிக்கும். வழக்கமாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும்.

‘பி’ மட்டும் கொடுத்தால் பிரிண்டருக்கு அனுப்பும்.

அப்புறம் எதுக்கு செட்டிங்ஸ் ஃபைல்?

ஏனென்றால், இந்தக் கருவிக்கு உங்கள் கணினியைப் பற்றியும் உங்கள் ஆவணத்தைப் பற்றியும் எதுவும் தெரியாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், பழைய வழக்கப்படி பிடிஎஃப்புக்குப் பதிலாக டிவிஐ என்ற பழங்கால வடிவத்தில் ஃபைலை உருவாக்கும். ‘ரன் ஆச்சு, ஆனா பிடிஎஃப் எங்க?’ என்று புதியவர்கள் விழிப்பது இதனால்தான்.

ஒவ்வொரு தடவையும் ‘பிடிஎஃப் வேணும், இந்த இன்ஜின் வேணும், இந்த வியூவரில் திற, இந்த ஃபோல்டரில் போடு’ என்று நீளமாகத் தட்டலாம். அல்லது, ஒரே ஒரு முறை எழுதி வைத்துவிடலாம்.

எழுதி வைக்கும் ஃபைலின் பெயர், கருவியின் பெயரோடு ஆர், சி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தது. வண்டிக்கு இருக்கிற ஆர்.சி. புக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! 1960-களில் எம்ஐடியில் இருந்த கணினி அமைப்பில், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் வசதிக்கு ‘ரன்காம்’ என்று பெயர். அதன் சுருக்கம் யூனிக்ஸுக்கு வந்து, இன்றுவரை செட்டிங்ஸ் ஃபைல்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கே வைப்பது? இதுதான் முக்கியமான முடிவு

லேடெக்-எம்கே மூன்று இடங்களில் செட்டிங்ஸைத் தேடும். முதலில், கணினி முழுவதற்குமான ஃபைல். அடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் சொந்த ஃபைல். கடைசியாக, ஆவணம் இருக்கும் ஃபோல்டரில் உள்ள ஃபைல். பின்னால் படிப்பது முன்னால் படித்ததை மாற்றும். கட்டளையோடு நீங்கள் தட்டும் சுவிட்ச், இவை எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால், அந்த ஒரு முறைக்கு மட்டும்.

சரி, எந்த வரியை எங்கே எழுதுவது? சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று எழுதலாம். எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும் என்று எழுதக் கூடாது. அதே கணக்குதான் இங்கேயும்.

ஆவணம் சரியாக உருவாக எது தேவையோ, அது ஆவணத்தோடு இருக்கும் ஃபைலில் போக வேண்டும். எந்த இன்ஜின், முக்கிய ஃபைல் எது, துணை ஃபைல்கள் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்பவை இந்த வகை. அந்த ஃபோல்டரை வழிகாட்டிப் பேராசிரியருக்கோ, டீமில் இன்னொருவருக்கோ அனுப்பினால் அவர்களுக்கும் அது தேவைப்படும்.

எது உங்கள் பழக்கமோ, அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்க வேண்டும். எந்த பிடிஎஃப் வியூவர், எந்த பிரிண்டர், இரண்டு பக்கமும் அச்சிட வேண்டுமா என்பவை இந்த வகை.

இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? உங்கள் மேக்கில் இருக்கும் வியூவரின் பெயரை ஆவணத்தின் செட்டிங்ஸில் எழுதி, விண்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு எரர் வரும். தமிழுக்குத் தேவையான இன்ஜினை உங்கள் சொந்த ஃபைலில் மட்டும் எழுதிவிட்டு ஆவணத்தை அனுப்பினால், அவர் கணினியில் எழுத்தே வராது. “என் மெஷின்ல வேலை செய்யுதே!” என்ற புகழ்பெற்ற வசனம் பெரும்பாலும் இந்த இரண்டாவது தவறில்தான் பிறக்கிறது.

முதல் வரி: எந்த இன்ஜின்?

செட்டிங்ஸ் ஃபைல் பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதப்படுவது. பயப்பட வேண்டாம். ஒரு வரி இப்படி இருக்கும்: டாலர் குறி, அடுத்து ‘பிடிஎஃப்’, ஓர் அடிக்கோடு, ‘மோட்’, சமக்குறி, ஓர் எண், கடைசியில் அரைப்புள்ளி. பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

எண் 1 என்றால் பிடிஎஃப்-லேடெக். ஆங்கிலக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் இது போதும். 4 என்றால் லுவா-லேடெக். 5 என்றால் ஸீ-லேடெக்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘கொ’ என்று தட்டும்போது, கணினி முதலில் ‘க’வையும் பிறகு ‘ஒ’கரக் குறியையும் சேமிக்கிறது. ஆனால், காகிதத்தில் கொம்பு இடது பக்கமும் கால் வலது பக்கமும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை பிடிஎஃப்-லேடெக் தானாகச் செய்யாது. ஸீ-லேடெக் செய்யும். லுவா-லேடெக்கிலும் முடியும், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைப்பானைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். நோட்டோ போன்ற யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தால் போதும்.

ஆக, தமிழ் ஆவணம் என்றால் எண் 5 என்ற அந்த ஒற்றை வரி ஆவணத்தின் ஃபோல்டரில் இருந்தே ஆக வேண்டும்.

பிரிவ்யூ: எந்த வியூவர்?

எல்லா வியூவரும் இந்த வேலைக்குச் சரிப்படாது. விண்டோஸில் அடோபி ரீடரில் பிடிஎஃப் திறந்திருந்தால், அந்த ஃபைல் பூட்டப்பட்டுவிடும். லேடெக் புதிய பக்கங்களை அதன்மேல் எழுத முடியாமல் திணறும். சுமத்ரா பிடிஎஃப் என்ற இலவச வியூவர் அப்படிப் பூட்டாது. ஃபைல் மாறியதும் தானே புதுப்பித்துக்கொள்ளும். மேக்கில் ஸ்கிம், லினக்ஸில் எவின்ஸ், ஒகுலர், ஜதுரா ஆகியவையும் இதற்கு ஏற்றவை. ‘பிடிஎஃப் பிரிவ்யூவர்’ என்ற மாறியில் வியூவரின் பெயரைக் கொடுக்க வேண்டும். இது உங்கள் சொந்த ஃபைலில்.

கூடவே இன்னொன்று. ஆவணத்தில் பிழை இருந்தால் லேடெக் நடுவிலேயே நின்று, ஒரு கேள்விக்குறியைக் காட்டி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். பின்னணியில் ‘பி-வி-சி’ ஓடும்போது இது தொல்லை. நீங்கள் எடிட்டரில் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். திரை மாறவே மாறாது. ‘நான்ஸ்டாப் மோட்’ என்ற விருப்பத்தை இன்ஜினின் கட்டளையில் சேர்த்துவிட்டால் பிழையைக் குறித்துவிட்டு மேலே போகும். நீங்கள் திருத்திச் சேமித்ததும் மறுபடி முயலும்.

பிரிண்ட்: இங்கேதான் காசு வீணாகும்

பிடிஎஃப்பை எந்தக் கட்டளை மூலம் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும் என்பதை லேடெக்-எம்கேக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். லினக்ஸ், மேக் இரண்டிலும் ‘எல்-பி’ என்ற கட்டளை இருக்கிறது. அதோடு ‘இரண்டு பக்கமும்’, ‘ஒரு பக்கத்தில் இரண்டு’, ‘ஏ4’ போன்ற விருப்பங்களைச் சேர்த்து செட்டிங்ஸில் எழுதி வைத்துவிடலாம். 100 பக்க வரைவை, ஒரு தாளின் ஒவ்வொரு புறத்திலும் இரண்டு பக்கம் என்று அச்சிட்டால் 25 தாளில் முடிந்துவிடும். திருத்தம் போட்டுப் படிக்க அது தாராளமாகப் போதும்.

இறுதிப் பிரதிக்கு வேறு கணக்கு. லேடெக்கின் அடிப்படை ஆவண வகைகள், தாள் அளவு சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் தாளை மனதில் வைத்தே பக்கத்தை அமைக்கும். அது 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் ஊரில் புழங்கும் ஏ4 தாள் 210-க்கு 297. லெட்டருக்காக அமைத்ததை ஏ4-ல் அச்சிட்டால் ஓரங்கள் நாம் நினைத்தபடி விழாது. பிரிண்டர் மென்பொருளில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற விருப்பமும் தேர்வாகி இருந்தால், முழுப் பக்கமும் கொஞ்சம் சுருங்கும் அல்லது விரியும். பைண்டிங்குக்காக இடது ஓரத்தில் இத்தனை அங்குலம் விட வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தால், அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எனவே ஏ4 என்பதை ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அது செட்டிங்ஸ் ஃபைலில் சேர வேண்டியது இல்லை. ஆவணத்தின் உடம்பிலேயே இருக்க வேண்டியது. இறுதி அச்சில் அளவு மாற்றம் வேண்டாம், 100 சதவீதம் போதும் என்று பிரிண்டருக்குச் சொல்லுங்கள். ஐந்து பிரதி எடுக்கும் முன், ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டு ஓரத்தை அளந்து பார்ப்பது நல்லது.

குப்பையை எப்படி ஒதுக்குவது?

ஒரு ஆவணத்தை அச்சுக்கோத்தால் நாலைந்து துணை ஃபைல்கள் வந்து குவியும். ‘அவுட் டைரக்டரி’ என்ற மாறியில் ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் எல்லாமே அதற்குள் போய்விடும். பிடிஎஃப் மட்டும் வெளியில் இருக்கட்டும், துணை ஃபைல்கள் தனியாகப் போகட்டும் என்றால் அதற்கும் தனி மாறி உண்டு.

சுத்தம் செய்ய இரண்டு சுவிட்ச் இருக்கிறது. ஹைஃபனோடு சிறிய எழுத்து சி கொடுத்தால் துணை ஃபைல்கள் போகும், பிடிஎஃப் இருக்கும். பெரிய எழுத்து சி கொடுத்தால் பிடிஎஃப்பும் சேர்ந்து போய்விடும். ஷிஃப்ட் பட்டனில் விரல் பட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மூல ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அனுப்பத் தயாராக வைத்திருந்த பிடிஎஃப்பைக் காணோமே என்ற பதற்றம் தேவையா?

நள்ளிரவில் தேதி பின்னால் போவது ஏன்?

ஓவர்லீஃபில் அதிகாலை 2 மணிக்கு ஆவணத்தைத் தயாரித்தால், முகப்பில் முந்தைய நாள் தேதி வரும். ஆவணத்தில் ‘இன்றைய தேதி’ என்று எழுதும் கட்டளை, சர்வரின் கடிகாரத்தைப் பார்க்கிறது. அது உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை நமக்கு நாள் மாறியிருக்கும், சர்வருக்கு மாறியிருக்காது.

இதற்கும் செட்டிங்ஸ் ஃபைல்தான் தீர்வு. ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில், புள்ளி இல்லாமல் தொடங்கும் பெயரில் செட்டிங்ஸ் ஃபைலை உருவாக்கி, நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று ஒரு வரியில் அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஜாக்கிரதை: இது வெறும் செட்டிங்ஸ் அல்ல

மொபைலில் செட்டிங்ஸ் என்றால் ஆன், ஆஃப் அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. இந்த ஃபைல் ஒரு முழு பெர்ல் நிரல். லேடெக்-எம்கே அதைப் படிப்பது மட்டும் இல்லாமல், இயக்கவும் செய்கிறது. அதில் ஃபைல்களை அழிக்கச் சொல்லலாம். வேறு நிரல்களை ஓட்டச் சொல்லலாம்.

இதுவே இந்தக் கருவியின் பலமும் ஆபத்தும். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து லேடெக் ஃபோல்டரை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உங்கள் கணினியில் கட்டளை கொடுத்தால், அதனுள் இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலும் உங்கள் அனுமதிகளோடு ஓடும். ‘டாக்குமென்ட்தானே, என்ன ஆகிடப்போகுது?’ என்று நினைக்கக் கூடாது. புள்ளியில் தொடங்கும் பெயர் என்றால் லினக்ஸ், மேக் இரண்டிலும் அது சாதாரணப் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழி எளிது. இணையத்தில் கிடைத்த டெம்ப்ளேட், நண்பரின் நண்பர் அனுப்பிய ஜிப் ஃபைல் எதுவானாலும், செட்டிங்ஸ் ஃபைல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பொதுவாகப் பத்து வரிக்கு மேல் இருக்காது. ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். புரியாத வரி இருந்தால், ‘நோ-ஆர்சி’ என்ற சுவிட்சோடு ஓட்டுங்கள். எந்தச் செட்டிங்ஸ் ஃபைலையும் தொடாமல் வேலையைப் பார்க்கும்.

வேலை செய்யலையா? இதையெல்லாம் பாருங்க

* அரைப்புள்ளி: ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பெர்ல் முறுக்கிக்கொள்ளும்.
* டிஎக்ஸ்டி வால்: விண்டோஸ் நோட்பேட், நீங்கள் கேட்காமலே பெயரின் கடைசியில் ‘டிஎக்ஸ்டி’ என்று ஒட்டிவிடும். அப்படி ஒட்டியிருந்தால் லேடெக்-எம்கே கண்டுகொள்ளாது.
* மேற்கோள் குறி: வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வரிகளை நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும். நேரானவையாக மாற்றுங்கள்.
* எந்த ஃபோல்டர்: கட்டளையை எந்த ஃபோல்டரில் இருந்து கொடுக்கிறீர்களோ, அங்கே இருக்கும் செட்டிங்ஸ்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

பத்து ஆண்டு கழித்தும் திறக்குமா?

செட்டிங்ஸ் ஃபைலின் உண்மையான மதிப்பு, மிச்சமாகும் சில விநாடிகளில் இல்லை. இன்று உங்களுக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது: இந்த அறிக்கைக்கு ஸீ-லேடெக், மேற்கோளுக்கு பைபர், முக்கிய ஃபைல் இது என்று. மூன்று ஆண்டு கழித்து, திருத்திய பதிப்பு கேட்கும்போது நினைவிருக்குமா? நீங்கள் வேலை மாறிய பிறகு, அந்த அறிக்கையைப் புதுப்பிக்கப்போகும் ஜூனியருக்கு எப்படித் தெரியும்? ஆவணத்தோடு அந்த நாலு வரியும் இருந்தால், அவர் ஒரே கட்டளை கொடுத்தால் போதும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. டெக் லைவ் தொகுப்பு ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. உள்ளே இருக்கும் பேக்கேஜ்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதே செட்டிங்ஸ் இருந்தாலும் பத்து ஆண்டு கழித்து வரும் பிடிஎஃப் அப்படியே அச்சு அசலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஃபைலின் முதல் வரியில், எண் குறியோடு தொடங்கும் ஒரு குறிப்பாக, எந்த ஆண்டுத் தொகுப்பில் தயாரித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். எண் குறிக்குப் பின்னால் இருப்பதைக் கருவி படிக்காது, மனிதர்கள் படிப்பார்கள். இறுதி பிடிஎஃப்பையும் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இணையத்தில் கிடைக்கும் 200 வரி செட்டிங்ஸை அப்படியே ஒட்ட வேண்டாம். இன்றைக்கு இரண்டே வரி எழுதுங்கள்: ஆவணத்தின் ஃபோல்டரில் இன்ஜின், ஹோம் ஃபோல்டரில் வியூவர். அடுத்து ஏதாவது ஒரு சுவிட்சை மூன்றாவது முறையாகக் கையால் தட்டுகிறீர்கள் என்றால், அதற்கு ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது என் பழக்கமா, ஆவணத்தின் தேவையா? பதில் தெரிந்தால், அந்த வரி எந்த ஃபைலில் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.